பாதை நின்ற நாட்கள்: வெளிநாட்டு வயலில் சிக்கிக்கொள்வது என்றால் என்ன?

மட்டக்களப்பில் 'பாதை' என்றால் தெரு மட்டும் இல்லை. வாவியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப்போகிற தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். குருமண்வெளித் துறையில் நின்று "பாதை வருதா?" என்று ஒருவர் கேட்டால் வெளியூர்க்காரர் கொஞ்சம் முழிப்பார். மண்டூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு அது அன்றாடப் பேச்சு. மாரியில் காற்றும் வெள்ளமும் மிஞ்சினால் பாதை ஓடாது. அன்றைக்கு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அகப்பட்டவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அக்கரை வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும், போகத்தான் முடியாது.

அதற்காக யாரும் பதறுவதில்லை. தெரிந்த வீட்டில் ஒரு வாய் சோறு கிடைக்கும், திண்ணையில் பாய் கிடைக்கும். மறுநாள் அதே ஊரில் யாருடைய வளவிலாவது வேலி கட்டிக் கொடுத்து நாலு காசும் பார்க்கலாம். "நீ இங்கே நிற்பதற்கு நேற்றோடு தவணை முடிந்துவிட்டது" என்று ஒருவரும் வந்து சொல்லப்போவதில்லை.

இப்போது அந்தக் கரையைக் கனடா என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்க ஒரு தாள் வேண்டும். தாளில் ஒரு தேதி இருக்கிறது, ஒரு முதலாளியின் பெயர் இருக்கிறது. தேதி கடந்துவிட்டது. வேறு ஆளிடம் வேலைக்குப் போகலாமென்றால் தாள் இடம் தராது. வீட்டுக்குப் போகலாமென்றால் பாதை ஓடவில்லை. கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில் கனடா, ஸ்பெயின், நியூசிலாந்து என்று பல நாடுகளின் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்ற நிலை இதுதான்.

இந்தப் பழைய கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம் என் தங்கச்சி. அவளுடைய மகன் ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்குத் தோட்ட வேலைக்குப் போகப் போகிறான். தக்காளி வளர்க்கிற கிரீன் ஹவுஸில் 9 மாத வேலை என்று அக்ரிமென்ட் வந்திருக்கிறது. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணன், இதக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க. கொரோனாக்குள்ள மாதிரி அங்க மாட்டிக்கிட்டா மறுகா என்ன செய்யிற?" என்று அவள் கேட்டாள். "அது முடிஞ்ச கதை மாமா, இப்ப கொரோனா எங்க இருக்கு?" என்று அவன் சிரித்தான்.

அவன் சொல்வதில் பாதி சரி. கொரோனா போய்விட்டது. ஆனால் அந்தத் தொழிலாளர்களைக் கட்டிப்போட்ட தாள் போகவில்லை, இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே வாசகங்களோடு அச்சாகிறது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பருவகாலத் தொழிலாளர் என்பவர் யார் என்று பார்ப்போம். எங்கள் பக்கத்தில் இதைப் புரியவைக்க அதிகம் கஷ்டப்பட வேண்டியதில்லை. போடியாருக்கு வயல், முல்லைக்காரருக்கு வேலை. விதைப்பு முதல் சூடு அடித்து நெல் வீடு சேரும்வரை முல்லைக்காரர் வயல் வாடியிலேயே கிடப்பார். கூலி கடைசியில் நெல்லாகக் கணக்குப் பார்க்கப்படும். போகம் முடிந்தால் உறவும் ஒருமாதிரி முடிந்தது, அடுத்த போகத்துக்கு மறுபடி பேச வேண்டும். இப்போது மெசின் வந்து பாதி வேலையைத் தின்றுவிட்டது, அது வேறு விஷயம்.

பணக்கார நாடுகளுக்கும் இதே தேவை உண்டு. ஸ்ட்ரோபெரியும் ஆப்பிளும் மாம்பழமும் ஒரே வீச்சில் பழுக்கும், சில கிழமைக்குள் பறித்தாக வேண்டும். குனிந்து பறிக்க உள்ளூர்ப் பிள்ளைகள் வருவதில்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிறார்கள், பறித்து முடித்ததும் திருப்பி அனுப்புகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயர். கனடாவில் 1966ல் ஜமைக்காத் தொழிலாளர்களோடு தொடங்கிய திட்டம் இன்றும் நடக்கிறது. மறு ஆண்டு ட்ரினிடாட்டும் பார்படோஸும் சேர்ந்தன, 1974ல் மெக்சிக்கோ சேர்ந்தது. நியூசிலாந்து 2007லும் ஆஸ்திரேலியா 2012லும் பசிபிக் தீவுகளிலிருந்து ஆள் எடுக்கும் திட்டங்களைத் தொடங்கின. ஸ்பெயினின் உவெல்வா மாகாணத்துக்கு மொரோக்கோவிலிருந்து பெண்கள் வருகிறார்கள். பிள்ளை பெற்ற தாய்மாரைத்தான் தேடி எடுக்கிறார்கள். ஊரில் பிள்ளை இருந்தால் வேலை முடிந்ததும் கட்டாயம் திரும்பிப் போவாள் என்பது கணக்கு. இதை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். பிள்ளைப் பாசத்தையே பிணையாக எடுத்துவைத்த மாதிரி இருக்கிறது.

அடுத்தது அந்தத் தாள். பருவகால விசாவில் இரண்டு கயிறுகள் உண்டு. ஒன்று காலம். கனடாத் திட்டத்தில் அதிகபட்சம் 8 மாதம், எப்படியும் டிசம்பர் 15க்குள் வேலை முடிய வேண்டும். நியூசிலாந்தில் பெரும்பாலானவர்களுக்கு 11 மாதத்துக்குள் 7 மாதம். மற்றக் கயிறு முதலாளி. விசா உங்கள் பெயரில் இருந்தாலும், யாரிடம் வேலை செய்யலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். அந்தத் தோட்டத்தை விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போனால் சட்டப்படி நீங்கள் களவாக வேலை செய்கிறவர். கனடாவில் இடம் மாறலாம், ஆனால் அதற்கு முதலாளியும் இரண்டு அரசாங்கமும் சம்மதிக்க வேண்டும்.

இப்படிக் கட்டுவதற்கு முதலாளிகள் ஒரு நியாயம் சொல்வார்கள், அதையும் கேட்க வேண்டும். பழம் கனிந்து நிற்கும்போது ஆட்கள் பக்கத்துத் தோட்டத்தில் கூலி கூட என்று எழும்பிப் போனால் போட்ட காசு மண்ணாகிவிடும். அறுவடைக்கு நின்ற வேளாண்மை மேல் மழை கறுத்து வரும்போது ஆள் கிடைக்காமல் அலைந்த எந்த விவசாயிக்கும் அந்தப் பயம் புரியும். எனக்கும் புரிகிறது. ஆனால் போடியாரிடம் முற்பணம் வாங்கிய முல்லைக்காரர்கூட, வேண்டாமென்றால் கடனைச் சொல்லிவிட்டு வேறு வயல் வட்டைக்குப் போய் உழைத்துக் கட்டலாம். போலீஸ் வந்து அவரை ஊரைவிட்டு ஏற்றாது. விசாவில் கட்டப்பட்டவர் முதலாளியை விட்டால் நாட்டையும் விட வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கனடாத் திட்டத்தில் அடுத்த ஆண்டுக்கு யார் யார் வேண்டும் என்று முதலாளி பெயர் சொல்லிக் கேட்கலாம். பத்து, இருபது ஆண்டாக ஒரே தோட்டத்துக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் தங்குமிடம் ஒழுகுகிறது, சம்பளம் குறைகிறது என்று வாய் திறப்பாரா? அடுத்த ஆண்டுப் பட்டியலில் தன் பெயர் இல்லாமல் போகும் என்று அவருக்குத் தெரியும்.

சரி, 2020 மார்ச்சுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் பெரும்போக அறுவடை ஓய்ந்து நெல் விற்கிற நேரம். 20ஆம் தேதி ஊரடங்கு போட்டார்கள். அதே நாட்களில் உலகம் முழுக்க நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. வெளிநாட்டவரை உள்ளே விடாமல் சாத்தியது ஒரு வகை. தன் சொந்தக் குடிமகனையே உள்ளே விடாமல் சாத்தியது இன்னொரு வகை. இரண்டாவது வகையில்தான் தொழிலாளர்கள் அகப்பட்டார்கள்.

ட்ரினிடாட் அதற்கு நல்ல உதாரணம். கரீபியன் கடலில் ஒரு சிறிய நாடு, மருத்துவமனைக் கட்டில்கள் குறைவு, நோய் புகுந்தால் தாங்காது என்று அரசாங்கம் மார்ச் கடைசியில் எல்லையை மூடியது. சொந்த நாட்டவர் திரும்பி வருவதற்கும் அமைச்சிடம் விண்ணப்பித்து விதிவிலக்கு வாங்க வேண்டும் என்றது. எல்லை முழுதாகத் திறக்க 2021 ஜூலை 17 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 16 மாதம்.

அந்த ஆண்டு கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போன ட்ரினிடாட் தொழிலாளர்கள் வழமைபோல் பறித்து, கட்டி, பெட்டி அடுக்கி முடித்தார்கள். பனி தொடங்கியது. டிசம்பர் 15 வந்தது, போனது. சில நூறு பேருக்கு ஊர் திரும்ப வழியில்லை. தோட்டத்துத் தங்குமிடங்கள் பல, குளிர்காலத்துக்கென்று கட்டப்பட்டவை அல்ல. ஆள் நிற்கிற மாதங்களுக்கு மட்டும் போதுமானவை. வெப்ப நாட்டு மனிதர்கள், பனிக்கான உடுப்புகூட இல்லாமல் அங்கே இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் அந்தத் தாள் தன் வேலையைக் காட்டியது. கனடாவில் வேலை இழந்தவருக்கு அரசாங்கக் காப்புறுதிக் கொடுப்பனவு உண்டு. இந்தத் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்தும் அதற்கு ஆண்டாண்டாகக் காசு கழித்திருக்கிறார்கள். ஆனால் பலர் விண்ணப்பித்தபோது முதலில் கிடைத்த பதில் வேறு. கொடுப்பனவு வேண்டுமென்றால் வேறு வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும், உங்கள் அனுமதியோ ஒரே முதலாளிக்கானது, ஆகவே நீங்கள் வேலைக்குத் தயாராக இல்லை என்பது அந்தப் பதில். கொஞ்சம் நிறுத்தி இதை இன்னொருமுறை வாசியுங்கள். வேறு வேலை செய்யக்கூடாது என்று கட்டியதும் அவர்கள்தான். வேறு வேலை செய்ய முடியாதவனுக்குக் காசு இல்லை என்றதும் அவர்கள்தான். கையைக் கட்டிவிட்டு, கை நீட்டாதவனுக்குச் சோறு இல்லை என்பது போல. சத்தம் எழுந்தபிறகு, யாரிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த அனுமதி கொடுக்கும் வழியைக் கனடா திறந்தது. செய்ய முடிந்ததைத்தான் பிந்திச் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்பெயினில் காட்சி வேறு மாதிரி. 2020 மார்ச் நடுப்பகுதியில் மொரோக்கோ எல்லையை மூடியபோது சுமார் 7,000 பெண்கள் உவெல்வாவுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். வர வேண்டியவர்களில் பாதிக்கு மேல் வரவேயில்லை. ஸ்ட்ரோபெரிப் பருவம் ஜூனோடு முடிந்தது. வேலை இல்லை, சம்பளம் இல்லை. ஊருக்கு அனுப்பச் சேர்த்த காசைப் பிரித்து அரிசியும் எண்ணெயும் வாங்க வேண்டிவந்தது. கர்ப்பிணிகளும் அவர்களுக்குள் இருந்தார்கள். அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் இடையில் கடல் மிகக் குறுகியது, ஜிப்ரால்டர் நீரிணையின் ஒடுங்கிய இடம் 14 கிலோமீட்டர்தான். மட்டக்களப்பு நகரத்திலிருந்து ஏறாவூருக்குப் போகிற தூரம் என்று வையுங்கள். ஜூலை நடுவில்தான் கப்பல்கள் விட்டு அவர்களை மொரோக்கோவின் டாஞ்சியர் துறைமுகத்துக்கு ஏற்றினார்கள்.

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலிருந்து வந்து நியூசிலாந்தில் நின்றவர்களின் கதையில் ஒரு புயலும் சேர்ந்துகொண்டது. 2020 ஏப்ரல் 6ஆம் தேதி ஹரோல்ட் புயல் வனுவாட்டுவின் சாண்டோ, பென்டகோஸ்ட் தீவுகளை அடித்து நொறுக்கியது. ஆப்பிள் மரத்தடியில் நின்று தன் வீட்டுக் கூரை போன செய்தியைப் போனில் கேட்டவர்கள் இருந்தார்கள். 1978 சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எல்லை மூடி, ஊர் திரும்ப முடியாத அந்த மாதங்களில் நியூசிலாந்து செய்த ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. விசா முடியப்போன தற்காலிகக் குடியிருப்பாளர்கள் எல்லாருக்கும் செப்டம்பர் 25வரை சட்டத்தாலேயே நீடிப்பு கொடுத்தது. பிறகு முதலாளி மாறவும், குறைந்த மணிநேரம் வேலை செய்யவும் இடம் விட்டது. வனுவாட்டுவில் தனிமைப்படுத்தும் இடம் கொஞ்சம்தான் என்பதால் கட்டம் கட்டமாகவே ஆட்களை எடுத்தார்கள். ஆகவே அங்கேயும் காத்திருப்பு நீண்டது. ஆனாலும் காத்திருந்தவர் களவாளியாகவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

இதற்குள் எனக்கு உறுத்துகிற ஒன்று. விமானமே ஓடாத அந்த 2020 ஏப்ரலில் ஜேர்மனி என்ன செய்தது தெரியுமா? அஸ்பராகஸ் என்றொரு தண்டுக்கீரை வீணாகப் போகிறது என்று, ஏப்ரலில் 40,000 பேரும் மே மாதத்தில் 40,000 பேருமாக வெளிநாட்டுத் தொழிலாளர்களை விமானத்தில் இறக்க அனுமதித்தது. ருமேனியா முழுக்க முடக்கத்தில் இருந்தபோது க்ளூஜ் நகர விமான நிலையத்தில் அவர்கள் தோளோடு தோள் நெருக்கி வரிசையில் நின்றார்கள். ஆஸ்திரேலியாவும் அதே ஆண்டு செப்டம்பரில் மாம்பழம் பறிக்க வனுவாட்டுவிலிருந்து 160 பேரளவில் டார்வினுக்கு விமானத்தில் கொண்டுவந்தது. ஆக, நோய்க்காலத்திலும் வழி இருந்தது. பழம் அழுகப் போகிறது என்றால் விமானம் கிடைத்தது. பறித்து முடித்தவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் விமானம் கிடைக்கவில்லை. எல்லையை மூடியதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த நேரம் யாருக்கும் எதுவும் தெரியாது. மூடிய கதவு யாருக்காக எப்போது திறந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

அப்புறம் எங்கள் நாடு. 2020 மார்ச் 19 அளவில் கட்டுநாயக்காவில் ஆட்கள் வந்திறங்குவதை நிறுத்தினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக விமான நிலையம் வழமைக்குத் திறந்தது 2021 ஜனவரி 21ஆம் தேதி. இடையில் அரசாங்கம் ஒழுங்குசெய்த விமானங்களில்தான் வரலாம். மாணவர்களை முதலில் எடுத்தார்கள், தொழிலாளர்கள் பின்னால் நின்றார்கள். மே மாதம் குவைத்திலிருந்து வந்தவர்களில் பலருக்குத் தொற்று இருந்ததும் அந்த வேகமும் குறைந்தது. இலங்கை அரசியலமைப்பின் 14(1) உறுப்புரையில் பேச்சுச் சுதந்திரம் போன்றவற்றோடு, கடைசியாக, 'இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரம்' என்றே தனியாக ஒன்று எழுதியிருக்கிறது. பலருக்குத் தெரியாது. எனக்கும் அந்த ஆண்டுதான் தெரியும்.

தனிமைப்படுத்தல் என்ற சொல்லே எங்கள் மாவட்டத்தில் முதலில் புணானையோடு வந்தது. அங்கே பொலன்னறுவை வீதியில் இருக்கிற பல்கலைக்கழகக் கட்டடத்தை 2020 மார்ச்சிலேயே தனிமைப்படுத்தல் நிலையமாக்கி, இத்தாலி, தென்கொரியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களை இறக்கினார்கள். பஸ் போகிறபோது வீதியோரத்துச் சனம் ஜன்னலைச் சாத்திக்கொண்டதும் உண்டு. அந்த பஸ்ஸுக்குள் இருந்தவர்களில் பலர், இரண்டு மூன்று வருடம் உழைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து அதிகம் பேர் போவது கனடாவுக்கோ ஸ்பெயினுக்கோ அல்ல, வளைகுடாவுக்கு. அங்கேயும் தோட்ட வேலை உண்டு. 'மஸ்ரா' என்பார்கள், அரபுச் சொல். பாலைவன நடுவில் பேரீச்சந் தோட்டம், ஆட்டுப் பட்டி, தண்ணீர் மோட்டார், ஒரு தகரக் கொட்டில். அங்கே விசா ஆண்டுக்கணக்கில் இருக்கும், பருவகாலம் என்று சொல்ல முடியாது. ஆனால் கயிறு இன்னும் இறுக்கம். கபில் என்கிற முதலாளிதான் விசாவுக்குப் பொறுப்பு. இக்காமா என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிப்பதும் அவர் கையில். சவூதியில் 2021வரை நாட்டைவிட்டு வெளியேறவே முதலாளி சம்மதிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் சட்டம் தளர்ந்தபோதும் வீட்டு வேலைக்காரர், வீட்டுச் சாரதி, தோட்டக்காரர், விவசாயத் தொழிலாளர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் அந்தத் தளர்வுக்கு வெளியே நின்றார்கள். தொழிற் சட்டத்தின் 7ஆவது பிரிவே விவசாயத் தொழிலாளரில் பெரும்பகுதியைச் சட்டத்தின் நிழலுக்கு வெளியே வைத்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு மஸ்ராவில் இருந்தார். 2020 ஏப்ரலில் அக்ரிமென்ட் முடிந்து வர வேண்டியவர். டிக்கெட் வாங்கியிருந்தார், விமானம் ரத்து. முதலாளி நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார், சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. சம்பளத்தை மட்டும் "நீ போகிற அன்றைக்குக் கணக்குப் பார்ப்போம்" என்று நிறுத்திவிட்டார். போகிற நாள் எதுவென்று யாருக்கும் தெரியாது. ஏழு மாதம் அப்படிப் போனது. வீட்டில் மனைவி அடகு வைத்த நகைக்கு வட்டி மாதாமாதம் ஏறியது. கொரோனா என்று சொல்லி வட்டி நின்றுவிடுமா? கடைசியில் வந்து சேர்ந்து, தனிமைப்படுத்தல் முடித்து, வீட்டு வாசலில் ஏறியபோது அவர் கையில் இருந்தது இரண்டு மாதச் சம்பளமும் ஒரு கம்பளிப் போர்வையும். மிச்சம் இன்னும் வரவில்லை.

சிக்கிக்கொள்வது என்றால் விமானம் இல்லாமல் போவது என்று நினைப்போம். விமானம் வரும்வரை என்ன செய்வது என்பதுதான் உண்மையான சிக்கல். அந்த நாட்களுக்கு நிற்க அனுமதி யார் தருவது, சோறு யார் போடுவது, வேலை செய்யலாமா, வேலை செய்தால் சம்பளம் உண்டா, கூடிய விலை டிக்கெட்டுக்குக் காசு யாருடையது? பருவகால ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரு நல்ல நாளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. திட்டப்படி போய், திட்டப்படி உழைத்து, திட்டப்படி திரும்புகிறவருக்கு அவை நன்றாகவே வேலை செய்யும். நியூசிலாந்தில் பயணக் கட்டணத்தில் பாதியை முதலாளி கொடுக்க வேண்டும், கனடாவிலும் டிக்கெட் முதலாளி பொறுப்பு, ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். வழமையான விமானம் ஓடும்வரை இது போதும். விமானம் நின்று, விசேஷ விமானத்துக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்டால் அந்தக் கூடுதல் யார் தலையில்? ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி இருக்காது. வரி இல்லாத இடத்தில் பாரம் எப்போதும் பலமில்லாதவர் தோளில்தான் விழுகிறது.

அதனால் மருமகனிடம் நான் கேட்டது நாலைந்து கேள்விதான். விசாவில் ஒரே கம்பெனியின் பெயரா, இல்லை அந்தத் தொழிலில் எங்கேயும் வேலை செய்யலாமா? வேலை முடிந்த நாளுக்கும் விசா முடிகிற நாளுக்கும் இடையில் எத்தனை நாள் இடைவெளி? இரண்டும் ஒரே நாள் என்றால், விமானம் ஒரு நாள் பிந்தினாலும் நீ சட்டத்துக்கு வெளியே. திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு, அது எழுத்தில் இருக்கிறதா? வேலை நின்ற நாட்களுக்குத் தங்குமிட வாடகை கழிப்பார்களா? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்?

இன்னொன்று, பதிவு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை எங்கள் ஆட்கள் 'பியூரோ' என்றுதான் சொல்வார்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அங்கே பதிந்து போனால் காப்புறுதி இருக்கிறது, ஒப்பந்தத்தின் ஒரு பிரதி அவர்களிடமும் இருக்கும், பிரச்சினை என்றால் 1989க்கு அடித்து முறைப்பாடு வைக்கலாம். விசிட் விசாவில் ஏறிப்போய் அங்கே வேலை விசா மாற்றித் தருகிறோம் என்று சொல்கிற ஏஜென்ட்டை நம்பினால் இது எதுவும் இல்லை. பியூரோவில் பதிந்தவர்கள் எல்லாரையும் கொரோனா நேரத்தில் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதியாதவருக்குப் பட்டியலில் பெயரே இல்லை. 2022 நெருக்கடி ஆண்டில் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்று அலுத்து, 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இலங்கையிலிருந்து வேலைக்குப் போனார்கள். அவசரத்தில் போகிறவன் தாளை வாசிப்பதில்லை.

கொரோனா மட்டும்தான் பாதையை நிறுத்தும் என்றும் இல்லை. 2023 நவம்பரில் இலங்கையிலிருந்து 10,000 விவசாயத் தொழிலாளர்களை எடுக்க இஸ்ரேலோடு ஒப்பந்தம் ஆனது. காஸா யுத்தம் தொடங்கி ஒரு மாதம்தான், தோட்டங்களில் இருந்த தாய்லாந்துக்காரர்கள் பலர் செத்தும் ஆயிரக்கணக்கானவர்கள் ஊருக்கு ஓடியும் போன இடைவெளியை நிரப்புவதற்கு. அடுத்து 2025 ஜூன் 13ஆம் தேதி ஈரானோடு சண்டை மூண்டதும் இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையம் பூட்டப்பட்டது. பத்துப் பன்னிரண்டு நாள்தான். ஆனால் அந்த நாட்களில் விசா முடிந்திருந்த ஒருவருக்கும், ஊரில் தாய் செத்த ஒருவருக்கும் அது பத்து நாளாக இருந்திருக்காது.

இவ்வளவும் கேட்டபிறகு மருமகன் கொஞ்சம் பேசாமல் இருந்தான். "அப்ப போக வேணாங்கிறீங்களா மாமா?" என்றான். நான் அப்படிச் சொல்லவில்லை. இங்கே சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்குமோ தெரியாது, நெல் விலை அறுவடை நேரத்தில் விழும், அவனுக்குச் சொந்தமாகக் காணியும் இல்லை. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஏஜென்சிக்கு ஒரு கோல் எடுத்து, விசாத் தேதியையும் திரும்பும் டிக்கெட்டையும் கேள் என்றேன்.

அங்கேயே போனை எடுத்தான், ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் ஒரு பெண் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினாள். வேலை நவம்பர் 30ஆம் தேதி முடிகிறது, விசாவும் நவம்பர் 30. திரும்பும் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டதும், "அத கம்பெனிதான் பாக்கும் தம்பி, போன எல்லாரும் வந்துதானே இருக்காங்க" என்றாள். "அப்ப அத எழுத்தில தருவீங்களா?" என்று கேட்டான். கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள். தங்கச்சி அந்தத் தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் நவம்பர் 30 எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தாள்.